பால் காட்டும் வினையும் பால் காட்டா வினையும்: தன்பால் காதற்கதைகளின் திரையாக்கமும் தமிழாக்கமும்

1. முன்னுரை

திருவனந்தபுரத்தில் கோட்டைப் பகுதியை அடுத்துள்ளது ஸ்ரீவராகம். வராகமூர்த்தி கோயிலால் பெயர் பெற்ற இவ்விடத்தின் அடையாளம் கோயிலையொட்டிய பெரிய குளம். மலையாளச் சிறுகதை, திரைக்கதை ஆசிரியர் ஸ்ரீவராகம் பாலகிருஷ்ணன் இவ்விடத்தின் பெயரைத் தம் பெயரின் முன் கொண்டவர். இங்கிருந்து சற்றுத் தொலைவிலுள்ள சாலைக் கடைத்தெருவில் கடை நடத்தியவாறே தமிழில் எழுதியவர் ஆ. மாதவன் (1934-2021). பி. கே. பாலகிருஷ்ணனின் மலையாள நாவலை 'இனி நான் உறங்கட்டும்' எனத் தமிழாக்கியவரும் அவரே. தமிழும் மலையாளமும் அக்கம்பக்கமாக வழங்கும் இப்பகுதியில் மொழிபெயர்ப்பு என்பது நூலோடு நின்றுவிடும் தொழிலன்று. வாசலில் கேட்ட செய்தியை அடுக்களையில் சொல்லும்போதும் அது நிகழ்கிறது.

மலையாளத் திரைப்படம் ஒன்றைப் பார்த்து வந்தவர் அதன் கதையை வீட்டில் தமிழில் சொல்லத் தொடங்குவதாகக் கொள்வோம். மலையாளத்தின் 'வந்நு' என்னும் ஒரே வினைமுற்று வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார், வந்தது எனத் தமிழில் பலவாகப் பிரிகிறது. சொல்பவர் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். பெரும்பாலான கதைகளில் இத்தேர்வு தானாகவே அமைந்துவிடும். ஆணும் ஆணும், அல்லது பெண்ணும் பெண்ணும் காதல் கொள்ளும் கதைகளில் அவ்வாறு அமைவதில்லை. மூலம் எதைச் சொல்லாமல் விட்டதோ அதனையே தமிழ் வினைமுற்று சொல்லுமாறு கட்டாயப்படுத்துவதுண்டு.

ஜப்பானில் மங்கா எனப்படும் படக்கதைகளிலிருந்து இத்தகைய காதற்கதைகள் தொலைக்காட்சித் தொடர்களாக ஆக்கப்பட்டுப் பல மொழிகளில் துணையுரைகளோடு பரவியுள்ளன. அச்சில் வந்த தன்பால் காதற்கதை திரைக்குப் பெயர்ந்த நிகழ்வு மலையாளத்தில் 1978-லேயே காணப்படுகிறது. ஜப்பானியமும் மலையாளமும் வினைமுற்றில் பால் காட்டாத மொழிகள். தமிழ் பால் காட்டும் மொழி. இவ்வேறுபாடு தமிழாக்கத்தில் எழுப்பும் சிக்கல்களையும் அவற்றுக்குத் தமிழ் மரபிலேயே உள்ள தீர்வுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

2. ஏட்டிலிருந்து திரைக்கு: மலையாளச் சான்றுகள்

வி. டி. நந்தகுமாரின் 'ரண்டு பெண்குட்டிகள்' என்னும் நாவல் 1974-இல் வெளிவந்தது. கோகிலா, கிரிஜா என்னும் இருவரிடையே தோன்றும் காதலே அதன் பொருள். 1978-இல் மோகன் இதனைத் திரைப்படமாக்கினார்; ஷோபாவும் அனுபமாவும் நடித்தனர். கதையின் முடிவில் பெண்கள் திருமணத்தை நோக்கித் திருப்பப்படுகின்றனர். அவர்களது காதல் இளமையில் தோன்றி மறையும் ஒரு பருவமாக விளக்கம் பெறுகிறது.

பி. பத்மராஜனின் 'தேசாடனக்கிளி கரயாறில்ல' 1986-இல் வெளிவந்தது. நிம்மி, சாலி என்னும் இரு பள்ளி மாணவியர் சுற்றுலாவிலிருந்து தப்பிச் செல்கின்றனர். இறுதியில் உயிரை மாய்த்துக்கொள்கின்றனர். இருவரின் உறவுக்குப் படம் எங்கும் பெயரிடவில்லை. 2004-இல் லிஜி புல்லப்பள்ளி இயக்கிய 'சஞ்சாரம்' இப்போக்கிலிருந்து விலகுகிறது. அதன் நாயகி கிரண் சாவின் விளிம்பு வரை சென்று திரும்புகிறாள். 2023-இல் ஜியோ பேபி இயக்கிய 'காதல்: தி கோர்' நடுவயதினரின் கதை. மனைவி ஓமனா மணவிலக்குக் கோரித் தொடுக்கும் வழக்கின் வழியே மாத்யூ தேவசியின் மறைந்த வாழ்க்கை வெளிப்படுகிறது. 2023-ஆம் ஆண்டுக்கான கேரள அரசின் சிறந்த திரைப்பட விருதை இப்படம் பெற்றது.

பருவமாகக் கருதப்பட்ட காதல், பெயரிடப்படாத காதல், உயிர்தரித்த காதல், வழக்குமன்றத்தில் பெயர் சூட்டப்பட்ட காதல் என இந்நான்கையும் வரிசைப்படுத்தலாம். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் சொல்லாமையிலிருந்து சொல்லுதலை நோக்கிக் கதைமொழி நகர்ந்துள்ளது. எனவே ஒவ்வொரு படைப்பும் எவ்வளவு சொல்கிறது, எவ்வளவு சொல்லாமல் விடுகிறது என்பதை அளந்தறிவதே மொழிபெயர்ப்பாளரின் முதற்கடமையாகிறது. 1986-ஆம் ஆண்டுப் படத்துக்கு 2023-ஆம் ஆண்டின் சொல்லை அளிப்பதும், 2023-ஆம் ஆண்டுப் படத்துக்கு 1978-ஆம் ஆண்டின் மழுப்பலை அளிப்பதும் ஒரே தன்மையான பிழைகளே.

3. தலைப்பிலேயே தொடங்கும் சிக்கல்

தமிழும் மலையாளமும் உறவுமொழிகள் என்பதால் சொற்கள் ஒன்றுபோல் தோன்றிப் பொருளில் வேறுபடுவது மிகுதி. மேற்கண்ட படைப்புகளின் தலைப்புகளே இதற்குச் சான்றாகின்றன.

'பெண்குட்டி' என்பது மலையாளத்தில் இளம்பெண்ணைக் குறிக்கும் இயல்பான சொல். தமிழில் 'குட்டி' விலங்கின் இளமைப்பெயர். வளர்ந்த பெண்ணைக் குறிக்க வழங்கும்போது இழிவுக் குறிப்பும் சேர்கிறது. ஆகவே 'இரண்டு சிறுமிகள்', 'இரண்டு பெண்பிள்ளைகள்', 'இரு பெண்கள்' என்பவற்றுள் ஒன்றைத் தேர்தல் வேண்டும். 'சிறுமிகள்' என்றால் காதல் விளையாட்டுப் பருவத்ததாகிறது. 'பெண்கள்' என்றால் முதிர்ந்தோர் தெளிந்து கொண்ட காதலாகிறது. அக்காதல் கடந்துபோகும் பருவமா என்பதே கதையின் மையக் கேள்வியாதலின், தலைப்பின் ஒரு சொல் அக்கேள்விக்கு முன்கூட்டியே விடையளித்துவிடுகிறது.

'தேசாடனக்கிளி கரயாறில்ல' என்பதில் மூன்று இடங்கள் கருதத்தக்கவை. மலையாளத்தில் 'கிளி' பொதுவாகச் சிறுபறவையையும் குறிக்கும். தமிழில் அது பச்சைக்கிளியையே நினைவூட்டுகிறது. 'கரயுக' என்பது அங்கு அழுதல். தமிழில் காகம் கரையும், உப்புக் கரையும், அழுகைப்பொருள் இன்றைய வழக்கில் இல்லை. மூன்றாவதாக 'ஆறில்ல' என்னும் வழக்க எதிர்மறைக்குத் தமிழில் 'அழுவதில்லை' என்னும் வடிவம் பொருந்தி வருகிறது. 'வலசைப் பறவைகள் அழுவதில்லை' எனப் பெயர்க்கும்போது தொழிற்பெயரும் 'இல்லை'யும் சேர்ந்த தொடர் எவ்விகுதியையும் வேண்டுவதில்லை. தமிழிலும் பால் காட்டாத முற்றுத்தொடர்கள் உள்ளன என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

'காதல்' என்னும் தலைப்பு தமிழருக்கு மயக்கம் தருவது. தமிழில் அன்பைக் குறிக்கும் இச்சொல்லின் வடிவமே மலையாளத்தில் மரத்தின் உள்வைரத்தை, ஒன்றன் நடுக்கருவைக் குறிக்கிறது. தமிழர் அத்தலைப்பில் அன்பைப் படிக்கின்றனர். மலையாளிகள் உள்ளீட்டைப் படிக்கின்றனர். இரு பொருளும் படத்துக்குப் பொருந்துதலால் இங்கு மொழிபெயர்க்காமல் விடுவதே சிறந்த மொழிபெயர்ப்பாகிறது.

4. ஜப்பானியச் சான்றுகள்

ஜப்பானிய வினை இடம், எண், பால் மூன்றையும் காட்டுவதில்லை. எழுவாயும் பெரும்பாலும் தொக்கு நிற்கும். படர்க்கைப் பெயர்களான 'கரே' (அவன்), 'கனோஜோ' (அவள்) ஆகியவை இன்றைய பொருளில் நிலைபெற்றது மெய்ஜி காலத்தில் ஐரோப்பிய நூல்களை மொழிபெயர்த்த சூழலில்தான். பழைய மொழியில் 'கரே' பால் வேறுபாடற்ற சேய்மைச் சுட்டாக வழங்கியது. எனவே ஜப்பானியத்தில் படர்க்கைப் பெயரின் பால் வேறுபாடே ஒருவகையில் மொழிபெயர்ப்பின் விளைவு எனலாம்.

ஃபுமி யோஷினாகாவின் 'கினோ நானி தபேதா?' என்னும் மங்கா 2007 முதல் கோடான்ஷா நிறுவனத்தின் 'மார்னிங்' இதழில் வெளிவந்தது. டிவி டோக்கியோ 2019-இல் இதனைத் தொடராக்கியது. 2021-இல் திரைப்படமும் 2023-இல் இரண்டாம் தொடரும் வந்தன. வழக்கறிஞர் ஷிரோவும் முடிதிருத்துநர் கென்ஜியும் ஒரே வீட்டில் வாழும் இணையர். மாலையில் சமைத்தலும் சேர்ந்து உண்ணலுமே கதையின் நிகழ்ச்சிகள். கென்ஜி பணியிடத்தில் தம் வாழ்க்கையை மறைப்பதில்லை, ஷிரோ மறைக்கிறார். அவர்களிடையே எழும் பூசலுக்கு இதுவே காரணம்.

இத்தலைப்பில் 'நேற்று', 'என்ன', 'உண்' என்பதன் இறந்தகால வடிவம் ஆகிய மூன்றே உள்ளன. உண்டவர் யார் என்பது இல்லை. இதனைத் தமிழாக்குவோர் முன் நிற்கும் வாய்ப்புகள் வருமாறு:

(1) நேற்று என்ன சாப்பிட்டாய்?
(2) நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?
(3) நேற்று என்ன சாப்பிட்டோம்?
(4) நேற்று என்ன சாப்பாடு?

(1) நெருக்கத்தையும், (2) மதிப்பையும் அல்லது பன்மையையும், (3) ஒரே வீட்டு வாழ்க்கையையும் தலைப்பிலேயே அறிவித்துவிடுகின்றன. மலையாளத்தில் 'இன்னலெ எந்து கழிச்சு?' என்றால் எத்தேர்வும் வேண்டியதில்லை. தமிழில் அத்தகைய நிறைவைத் தருவது (4). வினையை நீக்கிய இப்பெயர்த்தொடர் தமிழர் அன்றாடம் கேட்கும் கேள்வி. மூலத்தின் எளிமையும் அதில் கெடுவதில்லை.

கெங்கோரோ தகாமேயின் 'ஒதோதோ நோ ஒத்தோ' 2014 முதல் 2017 வரை மங்காவாக வந்தது. 2018-இல் என்.எச்.கே. மூன்று பகுதிகள் கொண்ட தொடராக்கியது. யாயிச்சியின் இரட்டைத் தம்பி ரியோஜி கனடாவில் மைக் என்பவரை மணந்து இறந்துவிடுகிறார். மைக் ஜப்பானுக்கு வந்து யாயிச்சியின் வீட்டில் தங்குகிறார். யாயிச்சியின் மகள் கானா, மைக் தன் உறவினர் என அறிந்து மகிழ்கிறாள். ஆணை ஆண் மணக்கலாமா என வியந்து கேட்கவும் செய்கிறாள். ஒதோதோ (தம்பி), ஒத்தோ (கணவன்) என்னும் ஒலியொப்புமையே தலைப்பின் நயம். மனைவியர் தம் கணவரைக் குறிக்க வழங்கும், 'தலைவர்' என்னும் பொருள் தோய்ந்த 'ஷுஜின்' என்னும் சொல் தலைப்பில் இல்லை. உறவை மட்டும் சுட்டும் 'ஒத்தோ'வே உள்ளது. எனவே தமிழில் 'தம்பியின் கணவன்' என்பதே நேரான பெயர்ப்பு. 'தம்பியின் நண்பன்', 'தம்பியின் துணைவன்' என மென்மையாக்கினால் மைக்குக்கு அவ்வீட்டில் உள்ள உரிமை பறிபோகிறது. கனடாவில் சட்டப்படி நடந்த மணமே கதையின் அடித்தளம் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

மலையாள நாவலோடு ஒப்பிடத்தக்க பழைய மரபொன்றும் ஜப்பானில் உண்டு. நொபுகோ யோஷியா (1896-1973) 1916 முதல் எழுதிய 'ஹானா மோனோகதாரி' கதைகள் மாணவியரிடையே தோன்றும் ஆழ்ந்த அன்பைப் பாடுபொருளாகக் கொண்டவை. அவ்வன்பு திருமணத்துக்கு முற்பட்ட பருவத்துக்கு உரியதெனச் சமூகம் அதனை ஏற்றது. 'ரண்டு பெண்குட்டிகள்' காட்டும் பருவக் கொள்கையும் இதுவே. இடத்தாலும் காலத்தாலும் தொலைவிலுள்ள இரு பண்பாடுகள் ஒரே வகையான சமாதானத்தைக் கண்டடைந்தமை கருதத்தக்கது.

5. வினைமுற்றும் பாலும்

தமிழிலிருந்து மலையாளம் பிரிந்து வளர்ந்தமைக்கு ஏ. ஆர். ராஜராஜவர்மா தம் 'கேரள பாணினீயம்' நூலில் ஆறு நியதிகளைக் கூறினார். அவற்றுள் ஒன்று 'புருஷபேத நிராசம்', அதாவது வினைமுற்றில் இடவேறுபாடு நீங்குதல். இந்நீக்கம் தன்பால் காதற்கதைக்கு எதிர்பாராத வசதியைத் தருகிறது. எழுவாயை விடுத்து 'வந்நு, இருந்நு, சிரிச்சு' என அடுக்கினால் யார் என்பது மறைந்தே நிற்கும்.

தமிழில் இவ்வசதி தன்மையிலும் முன்னிலையிலும் உண்டு. 'வந்தேன்', 'வந்தாய்' ஆகியவை பால் காட்டா. 'சஞ்சாரம்' படத்தில் ராஜன் என்னும் மாணவன் தெலைலாவுக்குக் காதற்கடிதம் எழுதக் கிரணின் உதவியை நாடுகிறான். கிரண் தன் காதலையே அக்கடிதங்களில் வடிக்கிறாள். கடிதம் தன்மையிடத்தில் அமைவதால் எழுதியவர் ஆணா பெண்ணா என்பதை மலையாளமும் காட்டுவதில்லை, தமிழும் காட்டுவதில்லை. கிரண் என்னும் பெயரும் இருபாலார்க்கும் பொது. தமிழாக்குவோர் இங்குத் தன்மையிடத்தைக் காத்துக்கொண்டால் போதும். மூலத்தின் இருபொருள் சிதையாது. யூ தோயோதாவின் மங்காவிலிருந்து 2020-இல் டிவி டோக்கியோ ஆக்கிய, 'செரி மாஹோ' எனச் சுருங்க வழங்கும் தொடரிலும் இவ்வாறே. தொட்டவரின் எண்ணத்தைக் கேட்கும் ஆற்றலை அதன் நாயகன் பெறுகிறான். மங்காவில் எண்ணக் குமிழிகளாக இருந்தவை திரையில் பின்னணிக் குரலாகின்றன. அவையும் தன்மையிடத்தவை ஆகலின் தமிழுக்கு எளிதில் இசைவன.

காதலை அறிவிக்கும் வினையிலும் மூன்று மொழிகளும் ஒன்றுபடுகின்றன. ஜப்பானியத்தின் 'சுகி' உணவை விரும்புதலையும் ஒருவரை விரும்புதலையும் குறிக்கும். மலையாளத்தில் 'இஷ்டமாணு', தமிழில் 'பிடிக்கும்'. 'எனக்கு உன்னைப் பிடிக்கும்' என்னும் தொடரில் அனுபவிப்பவர் நான்காம் வேற்றுமை ஏற்கிறார். வினை அவர்க்கேற்ப மாறுவதில்லை. விருப்பத்துக்கும் காதலுக்கும் இடைப்பட்ட தயக்கத்தை இத்தொடர் தாங்கி நிற்கிறது. அவ்விடத்தில் 'காதலிக்கிறேன்' என்று பெயர்ப்பது மூலப் பாத்திரம் இன்னும் அடையாத துணிவை அதற்கு அளிப்பதாகும்.

சிக்கல் படர்க்கையிலேயே தோன்றுகிறது. அது இருவகைத்து. முதலாவது, மூலம் மறைத்ததைத் தமிழ் வெளிப்படுத்துவது. ஷிரோ அலுவலகத்தில் தம் துணைவரைப் பற்றிப் பெயரும் பாலும் குறிப்பிடாமல் பேச நேர்வதாகக் கொள்வோம். ஜப்பானியத்தில் அதற்கு முயற்சியே வேண்டுவதில்லை. தமிழில் 'சமைத்தான்' என்றால் மறைவு வெளிப்படுகிறது. 'சமைத்தாள்' என்றால் சொல்லப்படாத பொய்யொன்று சொல்லப்பட்டதாகிறது. 'சமைத்தார்' என்னும் மதிப்பொருமை வடிவமும், 'வீட்டில் சமைத்தது', 'நேற்றுச் சமையல் வீட்டில்தான்' போன்ற தொடர்களும் இங்குக் கைகொடுக்கும். பெயரெச்சமும் தொழிற்பெயரும் பால் காட்டாமையால் அவற்றையும் பயன்கொள்ளலாம்.

'அவர்' என்பதற்கு வேறொரு சிறப்பும் உண்டு. கணவரின் பெயரைக் கூறாத மரபில் வந்த தமிழ்ப்பெண் 'அவர் இன்னும் வரவில்லை' என்றால், அவர் யாரென்று எவரும் கேட்பதில்லை. கென்ஜி இதே தொடரைக் கூறுமாறு அமைத்தால் மதிப்புச்சொல் இல்லறச்சொல்லாக ஒலிக்கும். தமிழ் இழந்ததை வேறோரிடத்தில் ஈடுசெய்யும் வழி இது.

இரண்டாவது சிக்கல் இதற்கு நேர்மாறானது. ஆண் பெண் காதற்கதையில் 'அவன்', 'அவள்' என்னும் வேறுபாடே இருவரைப் பிரித்துக் காட்டப் போதுமானது. தன்பால் காதற்கதையில் இருவரும் 'அவள்', அல்லது இருவரும் 'அவன்'.

(5) அவள் அவளுடைய கையைப் பற்றினாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

யார் யாருடைய கையைப் பற்றினாள், சொல்லாதவள் யார் என்பது விளங்கவில்லை. பாலைத் தவறாது காட்டும் தமிழ் விகுதி இங்கு எதனையும் காட்டவில்லை. இதற்குரிய கருவிகள் தமிழில் மூன்று. ஒன்று, எழுவாயையே சுட்டும் 'தான்', 'தன்' என்னும் வடிவங்கள். 'தன் கை' என்பதும் 'அவள் கை' என்பதும் வேறாகின்றன. இரண்டு, அண்மைச் சுட்டும் சேய்மைச் சுட்டும். கதை யாருடைய நோக்கில் நகர்கிறதோ அவரை 'இவள்' என்றும் மற்றவரை 'அவள்' என்றும் தொடக்கம் முதலே கொண்டால் குழப்பம் நீங்கும். மூன்று, பெயரைத் திரும்பக் கூறல். மூன்றாவது எளிது, ஆயினும் மிகுந்தால் நடை தடைப்படும். மலையாளத்திலிருந்து பெயர்ப்போர் ஒன்றில் விழிப்பாக இருத்தல் வேண்டும். மலையாளப் பேச்சில் 'தான்' நெருங்கியவரை விளிக்கும் முன்னிலைச் சொல்லாகவும் வழங்குகிறது. அதனை அவ்வாறே தமிழில் இட்டால் முன்னிலை படர்க்கையாக மாறிவிடும்.

6. விளியும் உறவுப்பெயரும்

'நீ' பால் காட்டாதெனினும் பேச்சுத்தமிழ் அதனோடு 'டா', 'டி' என்பவற்றைச் சேர்த்து முன்னிலையிலும் பாலைக் கொணர்கிறது. மலையாளத்தின் 'எடா', 'எடீ' ஆகியவையும் இத்தன்மையன. ஆண்கள் தம்முள் 'டா' என்பது நட்பு. மனைவி கணவனை 'டா' என்பது இற்றை நகர வழக்கில் நெருக்கம். எனவே இரு ஆண்களின் உரையாடலில் வரும் 'டா' நட்பா, காதலா என்பதைச் சூழலே உணர்த்தும். 'மச்சான்' என்பதும் இத்தகையதே. ஆண் நண்பர்கள் ஒருவரையொருவர் இவ்வாறு விளிப்பர். சில வட்டாரங்களில் பெண் தன் கணவனையும் காதலனையும் இவ்வாறே விளிப்பாள். நட்பிலிருந்து காதலுக்கு நகரும் கதைக்கு இத்தகைய இருநிலைச் சொற்கள் பெரும்பேறு. நகர்வு நிகழ்ந்ததைப் பாத்திரங்கள் உணரும் முன்னரே விளிச்சொல் அதற்கு இடமளித்திருக்கும்.

பால் மாறி விளித்தலைத் தமிழ் இலக்கணம் அறியாததன்று. உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு ஆகிய காரணங்களால் பாலும் திணையும் மாறி வருதலை நன்னூல் வழுவமைதியாக ஏற்கிறது. தாய் தன் மகனை உவப்பினால் பெண்பாலாற் கூறுவதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். இன்றும் மகளை 'வாடா கண்ணா' என்னும் தாய்மார் பலர். அன்பு மிகும்போது பால் நெகிழலாம் என்பது இம்மரபின் கருத்து. இதே பட்டியலில் இழிப்பும் இடம்பெறுதலை மறத்தலாகாது. ஆணைப் பெண்பாலாற் கூறி இழித்தல் திரைப்பட நகைச்சுவையில் மலிந்துள்ளது. வழுவமைதி உவப்பால் வந்ததா, இழிப்பால் வந்ததா என்பதை மொழிபெயர்ப்பாளர் ஒவ்வோரிடத்தும் தெளிதல் வேண்டும்.

உறவுப்பெயரில் 'ஒதோதோ நோ ஒத்தோ' தமிழுக்கு வைக்கும் வினா நுட்பமானது. சிறுமி கானா, மைக்கைத் தமிழில் எவ்வாறு அழைப்பாள்? ரியோஜி அவளுக்குச் சித்தப்பா. சித்தப்பாவின் துணை சித்தி. துணை ஆணாதலின் அச்சொல் பொருந்தாது. மைக்கும் மற்றொரு சித்தப்பாவே என்றால், அவர் தந்தையின் உடன்பிறந்தார் ஆகிவிடுவார், மணவுறவு மறைந்துவிடும்.

திராவிட உறவுமுறையின் உள்ளமைப்பு வேறொரு விடையைத் தருகிறது. இம்முறையில் உடன்பிறந்தாரும் மணவழி உறவினரும் தெளிவாகப் பிரிக்கப்படுகின்றனர். உடன்பிறந்தாளின் கணவன் மச்சான் அல்லது மைத்துனன். தந்தையின் உடன்பிறந்தாளாகிய அத்தையின் கணவர் மாமா. அதாவது தந்தைக்கு மச்சான் முறையினர் பிள்ளைக்கு மாமா. மைக், யாயிச்சியின் உடன்பிறந்தாரின் கணவர்; ஆகவே யாயிச்சிக்கு மைத்துனர், கானாவுக்கு மாமா. புதிய சொல் எதனையும் படைக்க வேண்டியதில்லை. 'உடன்பிறந்தாள்' என்னுமிடத்தில் 'உடன்பிறந்தார்' என்று கொண்டால் பழைய விதியே போதும். 'மாமா' என்னும் ஒரு சொல்லைச் சிறுமியின் வாயில் வைத்தால், மைக் விருந்தினர் என்னும் நிலை நீங்கி உறவினராகிறார். தொடர் முழுவதும் நிறுவ முயல்வதும் இதனையே.

7. பெயரிடுதல்

உறவுக்குப் பொதுப்பெயர் இடுமிடத்தில் பிழை பெரும் விளைவை உண்டாக்கும். தமிழ்ச் செய்தித்தாள்களில் நெடுங்காலம் வழங்கிய சொல் 'ஓரினச்சேர்க்கை'. 'சேர்க்கை' உடற்செயலை மட்டும் சுட்டுகிறது. குற்றவியல் சட்டச் சூழலில் பெரிதும் பயின்றதால் குற்றக் குறிப்பும் அதில் தோய்ந்துள்ளது. சேர்ந்து சமைத்து உண்ணும் இருவரைப் பற்றிய துணையுரையில் இச்சொல் வருமாயின், கதையில் இல்லாத ஒன்றை அது புகுத்துகிறது. மலையாளத்தில் 'ஸ்வவர்க்கரதி', 'ஸ்வவர்க்காநுராகம்' என்னும் இரு சொற்களிடையே இதே வேறுபாடு உள்ளது: முன்னது இன்பநுகர்ச்சி, பின்னது அன்பு. ஜப்பானியத்தில் நிலைபெற்ற 'தோசெய்ஆய்' என்பதன் இறுதியுறுப்பு அன்பைக் குறிக்கும் எழுத்து. ஆகவே அதற்கு நேரான தமிழ் 'தன்பால் காதல்' அல்லது 'தன்பாலீர்ப்பு' என்பதே, 'சேர்க்கை' அன்று.

தமிழில் இத்துறைச் சொல்லாக்கம் அண்மையில் விரைந்துள்ளது. தன்பாலின இணையர் தொடர்பான ஒரு வழக்கில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 சூனில் ஆணை பிறப்பித்தார். அவ்வழக்கின் தொடர்ச்சியாக, மதிப்புக் குறையாத தமிழ்ச்சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022-இல் அரசிதழில் வெளியிட்டது. 'மகிழ்வன்' என்னும் ஆக்கமும் வழக்கிற்கு வந்துள்ளது; லோகேஷ் குமார் இயக்கிய 'என் மகன் மகிழ்வன்' திரைப்படம் அதனைத் தலைப்பிலேயே ஏற்றது. ஆங்கிலச் சொல்லின் பழம்பொருளாகிய மகிழ்ச்சியை வேராகக் கொண்டு, தமிழ் ஆண்பால் விகுதி ஏற்ற இச்சொல் கடன்பெயர்ப்புக்கு நல்ல சான்று. 'காதலன்', 'காதலி' என்பவற்றுக்குப் பொதுவாக 'காதலர்', 'இணையர்', 'வாழ்க்கைத்துணை' ஆகியவை முன்னரே உள்ளன. பாலை மறைக்க வேண்டிய இடத்தில் இவை உதவும். வெளிப்படுத்த வேண்டிய இடத்தில் 'காதலன்' என்றே எழுதுதல் வேண்டும்.

ஒன்று நினைவிற்கொள்ளத்தக்கது. கலைச்சொல் திருத்தமானது என்பதற்காக எல்லாப் பாத்திரங்களும் அதனைப் பேசுமாறு செய்தல் கூடாது. 'காதல்: தி கோர்' படத்தின் வழக்குமன்றத்தில் கலைச்சொல் வேண்டும், வீட்டின் அடுக்களையில் வேண்டியதில்லை. மாத்யூவும் தங்கனும் நேருக்கு நேர் காதல்மொழி பேசுவதில்லை என்பதே அப்படத்தின் துயரம். இழிசொல் கூறும் பாத்திரம் இழிசொல்லையே கூறுதல் வேண்டும். அது பாத்திரத்தின் சொல்லாக நிற்கவேண்டுமேயன்றி மொழிபெயர்ப்பாளரின் சொல்லாகிவிடக் கூடாது.

8. முடிவுரை

இந்திய உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று வயதுவந்தோரின் இசைவுள்ள தன்பாலுறவைக் குற்றத்திலிருந்து நீக்கியது. 2023 அக்டோபர் 17 அன்று அத்தகைய மணத்துக்குச் சட்ட ஏற்பளிக்க மறுத்தது. குற்றம் நீங்கியும் உறவுப்பெயர் கிட்டாத இவ்விடைவெளியில் துணையுரையில் வரும் 'கணவன்', 'மாமா', 'அவர்' ஆகிய சிறு சொற்கள் பெரும் பொருள் உடையன. தமிழ் நாளேட்டையோ தொடரையோ காணும் இளைஞர் ஒருவர் தம்மைக் குறிக்கும் சொல்லை அங்கேயே முதன்முதலிற் கேட்கக்கூடும். அச்சொல் இழிப்பாக அமைவதும் உறவாக அமைவதும் மொழிபெயர்ப்பாளரின் தேர்வைப் பொறுத்தது.

மேற்கண்டவற்றால் பெறப்படும் நெறிகளைப் பின்வருமாறு தொகுக்கலாம். மூலம் பாலை மறைத்தவிடத்துத் தமிழும் மறைத்தல் வேண்டும். அதற்குத் தன்மை முன்னிலை வடிவங்களும், மதிப்பொருமையும், பெயர்த்தொடரும், 'பிடிக்கும்' போன்ற வினைகளும் உள்ளன. மூலம் வெளிப்படுத்தியவிடத்துத் தமிழ் மழுப்பலாகாது. இருவரும் ஒரே பாலினராயின் 'தன்', 'இவள்', 'இவன்' ஆகியவற்றை முறைப்படுத்திக் கொள்ளல் வேண்டும். உறவுப்பெயரைத் திராவிட உறவுமுறையின் விதியிலிருந்தே வருவிக்கலாம்.

ஸ்ரீவராகம் போன்ற இருமொழித் தெருக்களில் 'வந்நு' என்பது நாள்தோறும் 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தார்' என மாறிக்கொண்டே இருக்கிறது. அங்குக் கதை சொல்பவர் ஒரு நொடி தயங்கி, 'வந்தார்' என்பதைத் தேர்ந்து மேலே சொல்லிச் செல்வது இயல்பாக நிகழக்கூடியதே. அத்தயக்கத்தின் காரணத்தை உணர்ந்து தேர்தலே மொழிபெயர்ப்பாளரின் பணியாகும்.